தனலெட்சுமிக்கு நான் எடுத்த பூ

அன்று காலைப் பெரட்டில் மண்டோர் தனலெட்சுமியின் பெயரைக் கூப்பிடவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

இரண்டு மாதமாக அவள் வேலைக்கு வரவில்லை. ஆனாலும் தினமும் ஆறு மணிக்கு, தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் நாங்கள் பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, எங்களை வேலை வாங்கும் மண்டோர் பெயர்ப் புத்தகத்தைப் பார்த்து “செல்லம்மா, தனலெட்சுமி, தெய்வானை” என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். தனலெட்சுமி என்றதும் யாராவது “சீக்கு” என்பார்கள். பெரும்பாலும் நான்தான் சொல்வேன். ஒரு நாளில் நான் சத்தமாகச் சொல்லும் ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும். அன்று அவர் “செல்லம்மா” என்றார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு “தெய்வானை” என்றார். சொல்லத் தயாராக வைத்திருந்த சொல் என் வாயிலேயே நின்றுவிட்டது. எனக்கு முன்னால் நின்ற தெய்வானை அக்கா பதில் சொல்லாமல் தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தனம் அக்கா போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை.

நம் தோட்டத்து மன்றத்தின் கையெழுத்து இதழில் அவளைப் பற்றி எழுதச் சொன்னபோது செயலாளர் அண்ணன், “நல்ல மாதிரி நாலு வார்த்தை எழுதும்மா, நீதானே கூட வேலை செஞ்ச புள்ள” என்றார். அவளைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அவள் சிரித்த முகம், வாயாடி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதாமல் மற்றதை எழுத என் கை வரவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன். எழுதலாமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

சாவு வீட்டில் நாம் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம். “எல்லாம் அவ தலையெழுத்து.” மண்டோர் சொன்னார், கோயில் பண்டாரம் சொன்னார், பக்கத்து ஊர் ஜெராமிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அவள் எழுந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் நம் எல்லாரையும் ஒரு பிடி பிடித்திருப்பாள். அந்த ஒரு வார்த்தையை அவளால் பொறுக்க முடியாது.

எண்ணெய் எடுக்கிற செம்பனையின் நாற்றுப் பண்ணையில் எங்கள் வேலை கறுப்புப் பைகளில் மண் நிரப்புவது. பால் டின்னைச் சாய்வாக வெட்டி ஆளுக்கொன்று வைத்திருப்போம், மண் அள்ள. தனம் அக்காவுக்கு மூச்சு இளைக்கும் என்பதால் மண்டோர் அவளுக்குத் தூக்குகிற வேலை கொடுக்கமாட்டார். அவள் உட்கார்ந்து நிரப்புவாள். நான் தூக்கி வரிசையில் வைப்பேன். அவள் பேசுவாள், நான் கேட்பேன். அவளுக்கு இருபத்து மூன்று வயது, எனக்குப் பதினேழு. என்னைத் தவிர அவளுடைய எல்லாப் பேச்சையும் உட்கார்ந்து கேட்க அங்கே ஆள் இல்லை என்பதுதான் எங்கள் பழக்கத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் மண்டோர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் மகன் பரீட்சையில் தேறவில்லை. “அவன் தலையில அப்படி எழுதியிருக்கு, என்ன செய்யிறது” என்றார்.

“அப்படியா மண்டோரே? எல்லாமே எழுதியாச்சா?” என்று தனம் அக்கா ஆரம்பித்தாள்.

“எல்லாமேதான்.”

“இன்னிக்கி இங்க எத்தனை பை நிரம்பும்ங்கிறதும்?”

“அதுவுந்தான்.”

அவள் டின்னைக் கீழே வைத்துவிட்டு மண்மேட்டில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். “அப்போ நான் படுத்துக்கிறேன். நிரம்பும்னு எழுதியிருந்தா அதுபாட்டுக்கு நிரம்பிக்கும். நிரம்பாதுன்னு எழுதியிருந்தா நான் மாரடிச்சாலும் நிரம்பாது. எதுக்கு இடுப்ப ஒடிச்சுக்கணும்?”

எல்லாரும் சிரித்தோம். மண்டோர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். “படுத்துக்கோ தாயி. நீ படுப்பே, உனக்கு அரை நாள் சம்பளம் போகும்னு அதுக்குப் பக்கத்துலயே எழுதியிருக்கு. நான் இப்பத்தான் படிச்சேன்.”

எங்கள் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது தனம் அக்காதான். இருமல் வந்து கண்ணில் தண்ணீர் முட்டும்வரை சிரித்தாள். “கெட்டிக்காரரு லா இவரு” என்று டின்னை எடுத்துக்கொண்டாள். மண்டோர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “நான் படுக்கிறதையும் எழுத்துல சேத்துட்டாரு பாத்தியா. அப்படிச் சேத்துட்டா அப்புறம் எதுவுமே வெளிய நிக்காது. ஆனா ஒண்ணு, எல்லாம் எழுதியாச்சுங்கிறவரு எதுக்கு என்னைய மிரட்டுறாரு? மிரட்டினா நான் எழுந்திருப்பேன்னு நம்பித்தானே?” இதை அவள் மூன்று நாள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது விளையாட்டு இல்லை. தனக்குள் இருக்கும் நெஞ்சு நோயைப் பற்றித்தான் அவள் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கன்றுகள் கொஞ்சம் வளர்ந்ததும் நல்லது கெட்டது பார்த்துக் கழிப்போம். இலை புல்லைப் போல ஒல்லியாக வந்தது, உச்சி தட்டையாகப் போனது, சுருண்டது எல்லாவற்றையும் மண்டோர் காட்டக் காட்டப் பிடுங்கிக் குவிக்க வேண்டும். “விதையிலயே கோளாறு. இதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் ஒண்ணுதான்” என்பார். ஒருமுறை தனம் அக்கா குவியலிலிருந்து ஒரு கன்றை எடுத்து மடியில் மறைத்துக் கொண்டுபோய் அவர்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால், குளியலறைத் தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டாள். ஒன்றரை வருடம் அதைப் பார்த்துக்கொண்டாள். அதே விதைக் கூட்டத்தில் வந்த மற்றவை தோட்டத்தில் ஆள் உயரம் போய்விட்டன. இது அவள் முழங்காலைத் தாண்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“மண்டோர் சொன்னது சரி. விதை ஜெயிச்சிருச்சு.”

“அப்போ நீங்க ஊத்தின தண்ணியெல்லாம் வீண்தானேக்கா?”

“வீண்தான்” என்று உடனே ஒப்புக்கொண்டாள். பிறகு, “ஆனா இது இவ்வளவுதான் வளரும்னு இப்பத்தான்டி தெரியுது. குப்பையில போட்டிருந்தா அது தெரிஞ்சிருக்காது. நாம வளர விடலங்கிறதுதான் தெரிஞ்சிருக்கும்” என்றாள். அவள் கை அப்போது நெஞ்சின் மேல் இருந்தது. மூச்சு வாங்கும்போது அப்படி வைத்துக்கொள்வது அவள் பழக்கம்.

தமிழ்ப் பள்ளி முடித்ததும் மலாய்க்குப் பழக ஒரு வருடம் படிக்கும் ரிமூவ் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக் கஷ்டம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறோம். கஷ்டம் இருந்தது உண்மை. ஆனால் நடந்தது வேறு. ஒருநாள் ஆசிரியர் என்னை எழுப்பி மலாய்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்து அப்பா, “சரி, விடு” என்றார். அதை நான் தனம் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன்.

“அப்போ பள்ளிக்கூடத்த விட்டு நின்னது நீதான்” என்றாள்.

“தப்பு என்மேலதானா?”

“தப்புன்னு யாரு சொன்னா? உன்னோட முடிவுன்னு சொன்னேன். உன்னோடதா இருந்தாத்தான் நாளைக்கி நீயே அத மாத்தலாம். விதின்னுட்டா மாத்துறதுக்கு ஆளே இல்லையே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் அவளுடன் பேசவில்லை. நான் எப்போதுமே பேசாதவள் என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் தன் தேத்தண்ணி போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்து, “குடி. குடிக்கணும்னு எழுதியிருக்கு, மண்டோர் படிச்சுச் சொன்னாரு” என்றாள். அப்படிப்பட்டவள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலால் அவள் நெஞ்சில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. எங்கள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிரெஸ்ஸர் எழுதிக் கொடுத்து, அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். ஆபரேஷன் செய்ய வேண்டும், கோலாலம்பூருக்கு வர வேண்டும் என்று தேதி போட்டுக் கடிதம் வந்தது. செய்தால் பிழைக்க நல்ல வழி இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது. செய்யாவிட்டால் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் சொன்னதை அவள் எனக்கு அப்படியே சொன்னாள்.

அவளுடைய அம்மா கன்னியம்மா அத்தை கேட்கவே மாட்டேன் என்றுவிட்டார். அவர் கணவர் வயிற்று ஆபரேஷனுக்கென்று போனவர், திரும்பி வரவில்லை. “ஒருத்தரக் கொடுத்தது போதும்” என்றார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் மகன் கணேசன் அண்ணன்தான், “பூ கேட்டுருவோம்மா. அம்மன் போன்னு சொன்னா அனுப்புங்க, வேணாம்னா வேணாம்” என்று ஒரு வழி சொன்னார். நம் தோட்டத்தில் எதற்குத்தான் பூ கேட்கவில்லை? கல்யாணத்துக்குக் கேட்கிறோம், மாடு வாங்கக் கேட்கிறோம், வேறு தோட்டத்துக்கு மாறக் கேட்கிறோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து, கள்ளம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை என்றால் போகலாம்.

அந்த வியாழக்கிழமை, நாற்றுப் பண்ணையில், தனம் அக்கா என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

“அம்மா உன்னையத்தான் எடுக்கச் சொல்லப் போறாங்க. வாயில்லாப் புள்ள, கள்ளங்கபடு தெரியாதுன்னு. இங்க பாரு. பொட்டலம் நான்தான் கட்டுவேன். வெள்ளைக்கு ரெண்டு முடிச்சு, சிவப்புக்கு ஒண்ணு. கண்ண மூடிக்கிட்டு விரலால தடவிப் பாரு. ரெண்டு முடிச்சு இருக்கிறத எடு.”

“அம்மன ஏமாத்தச் சொல்றீங்களா?”

“அம்மனுக்குத் தெரியாததா? எங்க அம்மாவுக்குத்தான்டி தெரியக் கூடாது.”

“நீங்களே பஸ் ஏறிப் போயிடலாமேக்கா. உங்களுக்கு இருபத்தி மூணு வயசாச்சுதானே.”

“போலாம். போய் அங்க ஏதாவது ஆயிட்டா? மகள நாமளே அனுப்பிட்டோம்னு அவங்க ஆயுசுக்கும் நெஞ்சில அடிச்சுக்குவாங்க. அம்மன் சொல்லி அனுப்பினோம்னு இருந்தா அவங்களுக்குப் பிடிச்சுக்க ஒண்ணு இருக்கும். எனக்கு வேணாம் அது. அவங்களுக்கு வேணும்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கு மட்டும் என்ன? நீ ஒரு விரல அசைச்சாப் போதும், செல்வி. பேசக்கூட வேணாம்.”

நான் சரி என்றேன். நான் சரி என்று சொன்னேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை மாரியம்மன் கோயிலில் உங்களில் பலர் இருந்தீர்கள். பண்டாரம் கர்ப்பூரம் காட்டினார். பித்தளைத் தட்டில் வாழையிலைப் பொட்டலம் இரண்டு, நாரால் கட்டியது. அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் என்னை எழுப்பியபோது இருந்ததைப் போலவே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்பது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. மறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். நான் தடவிப் பார்த்து எடுத்து, அவள் கோலாலம்பூரில் ஆபரேஷன் மேசை மேலேயே போய்விட்டால், அவளை அனுப்பியது நான். தடவாமல் எடுத்தால், எது வந்தாலும் அது அம்மன் சொன்னது. நான் அதில் இல்லை. எதிலுமே இல்லாமல் இருந்துதான் எனக்குப் பழக்கம். என் விரல் ஒரு பொட்டலத்தின் மேல் பட்டது. நார் இருந்தது. முடிச்சு எங்கே இருக்கும் என்றும் தெரிந்தது. விரலைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் போதும். நகர்த்தவில்லை. அப்படியே எடுத்துப் பண்டாரத்திடம் கொடுத்துவிட்டேன்.

சிவப்பு.

“தாயே, என் புள்ளையக் காப்பாத்தினே” என்று அத்தை தரையில் விழுந்து கும்பிட்டார். சந்தோஷத்தில் அழுதார். என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார். தனம் அக்கா தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நான் யாரென்று முதல்முறை பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

திங்கட்கிழமை வேலையில்தான் கேட்டாள்.

“தடவிப் பாத்தியா?”

நான் பையைத் தூக்கப் போனேன். அவள் பையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுடி. மாறிப் போச்சா, இல்ல பாக்கவே இல்லையா?”

“பாக்கல.”

“ஏன்?”

“அம்மனே முடிவு பண்ணட்டும்னு.”

அவள் பையை விட்டுவிட்டாள். நாலைந்து பை நிரப்பினாள். பிறகு, என்னைப் பார்க்காமல், “பாக்க வேணாம்னு முடிவு பண்ணினது யாரு?” என்று கேட்டாள்.

அவள் என்னை வெறுத்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். படுக்கையில் விழுவதற்குச் சில நாளுக்கு முன், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது அவளே சொன்னாள். “உன்மேல கோவமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. சிவப்பு வந்ததும் ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியா இருந்துச்சுடி. அப்பாடா, கத்தி இல்லன்னு. ஊருக்கெல்லாம் நாயம் பேசுறவ நான். யாராவது முடிவு பண்ணிட்டாத் தேவலன்னு எனக்குள்ளயும் ஒருத்தி உக்காந்திருக்கா. உன்னைய எப்படித் திட்டுறது?” அவள் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றதை நான் இங்கே சொல்கிறேன். என் தப்பை மட்டும் எழுதி, அவளைச் சாமியைப் போல் எழுதினால் அது அவளாக இருக்காது.

அந்த நிம்மதியைப் பற்றி அவளுக்கு வெட்கமாக இருந்தது. புதிய தேதி கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள். இந்த முறை வீட்டில் நேரே சொல்லிவிடுவேன், அம்மா அழுதாலும் போவேன் என்றாள். கடிதத்தை ஜெராமில் தபாலில் போட்டது நான்தான். அதற்குள் கால் வீங்கிவிட்டது. பிறகு எழுந்து நடக்க முடியவில்லை. பதில் வர நாளாகும் என்று எங்களுக்குத் தெரியும். நாள்தான் இருக்கவில்லை.

அவள் போனதிலிருந்து என் மனம் ஒரே இடத்தில் சுற்றுகிறது. எல்லாம் எழுதியபடிதான் என்றால், நான் விரலை நகர்த்தாததும் எழுதியபடிதான். அப்போது என்மேல் குற்றம் இல்லை, தூங்கலாம். ஆனால் அப்படியென்றால் அவள் சிரித்ததும், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியதும், என் பக்கம் தேத்தண்ணியை நகர்த்தியதும் அவள் செய்ததில்லை. யாரோ எழுதிவைத்ததை அவள் உடம்பு செய்துகாட்டியது, அவ்வளவுதான். அவளை இன்னொரு தரம் சாகடிப்பதைப் போல இருக்கிறது அது. எழுதியபடி இல்லை என்றாலோ, நான் நகர்த்தியிருக்கலாம். நகர்த்தவில்லை. அவள் இல்லை. இரண்டு பக்கமும் எனக்கு நிற்க இடம் இல்லை. டின்னில் மண் அள்ளும்போதெல்லாம் இதுதான். பை நிரம்பி வழிந்து என் காலில் மண் விழும்வரை தெரிவதில்லை.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது பொருள் எதுவும் இல்லை. முடிவு பண்ணினது யார் என்று அவள் கேட்ட அந்தக் கேள்விதான் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமைவரை.

கருமாதி முடிந்து இரண்டு நாள். கன்னியம்மா அத்தை என்னை வரச் சொல்லியிருந்தார். சமையல்கட்டில் அடுப்பில் உலை வைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார்.

“கணேசன் ஷா ஆலம் பக்கம் பெக்டரி வேலைக்குப் போறேங்கிறான். இங்க இருந்தா அவ நினைப்பாவே இருக்காம். எனக்கு ஒண்ணும் ஓடல தாயி. வர்ற வெள்ளிக்கிழமை பூ கேக்கலாம்னு இருக்கேன். நீதான் எடுக்கணும்.”

நானும் ஒரு கீரைக் காம்பை எடுத்து உருவ ஆரம்பித்தேன்.

“உன் கை பொய் சொல்லல. ஊரே சொல்லுது. ஆபரேசன் பண்ணியிருந்தா மேசையிலயே போயிருப்பா. அம்மன் உன் கையால தடுத்ததால ரெண்டு மாசம் என் மடியில கிடந்தா. அந்தப் புண்ணியம் உன்னோடது.”

தோட்டத்தில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். அவள் செத்ததால் பூ சொன்னது சரியென்று ஆகிவிட்டது. குழாயடியில் இரண்டு பேர் என்னிடம் தங்கள் வீட்டுக் காரியத்துக்குப் பூ எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டும் விட்டார்கள்.

“நான் எடுக்க மாட்டேன் அத்தை.”

“ஏன், அன்னிக்கி வீட்டுக்குத் தூரமா? அடுத்த வெள்ளி வெச்சுக்கலாம்.”

“எப்பவும் எடுக்க மாட்டேன்.”

பிறகு சொன்னேன். தொட்டிக்குப் பின்னால் பேசியது, இரண்டு முடிச்சு, நான் சரி என்றது, தடவாமல் எடுத்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அத்தை கீரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ரெண்டு முடிச்சா?”

“ஆமா.”

“அவளே போட்டாளா?”

“ஆமா அத்தை.”

“அப்போ அவளுக்குப் போகணும்னு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.” அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரலைப் போல ஆகிவிட்டது. “நான் பூ கேட்டப்போ அவளும் சரின்னாளே. அவளுக்கும் அதான் இஷ்டம்னு நெனச்சேனே.”

நான் தரையைப் பார்த்தேன்.

“நீ தடவிப் பாத்திருந்தா வெள்ளை வந்திருக்கும்.”

“வந்திருக்கும்.”

“பொழைச்சிருப்பாளா?”

“தெரியாது அத்தை.”

“தெரியாதுன்னா எப்படி? சொல்லு. எப்படியும் போயிருப்பாதானே? அங்க போயிருந்தாலும் இதேதானே ஆயிருக்கும்?”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்தது. எல்லாம் அவள் தலையெழுத்து என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கும் போதும், எனக்கும் போதும். அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“தெரியாது” என்றேன்.

அத்தையின் கையிலிருந்த கீரை மடியில் விழுந்தது. அவர் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உலை பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. கஞ்சி நெருப்பில் விழுந்து புகைந்தது. அவர் திரும்பவில்லை.

நான் எழுந்து போய், எரியும் விறகுகள் இரண்டையும் வெளியே இழுத்து வைத்தேன்.